லீவு கொடுப்பதில் சின்ன ஆபீஸ்கள் செய்யும் தவறுகள்

இருபது பேர் வேலை செய்கிற சென்னை ஆபீசில் புதிதாக எச்.ஆர். பொறுப்புக்கோ டீம் லீட் பொறுப்புக்கோ வருகிறவர்கள், அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் விழுந்த அதே குழியில்தான் வரிசையாக விழுகிறார்கள். பதிவேடு எழுதாதது, வாய்மொழியில் சரி சொல்லிவிட்டு மறப்பது எல்லாம் ஆறு மாதத்தில் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

"வருஷத்துக்கு 12 நாள், எல்லாம் சேர்த்து"

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 அப்படிச் சொல்லவில்லை. 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை. எடுக்காததை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். நோய்க்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள் என்பதெல்லாம் தனிக்கணக்கு. காய்ச்சலில் படுத்த மூன்று நாளை ஆண்டு விடுமுறையில் கழிப்பது, இளைப்பாற வைத்திருந்த நாளைப் பிடுங்குவதுதான்.

பொறுப்பை ஒப்படைக்காமல் அனுப்புவது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இது. காட்சி எப்போதும் ஒன்றுதான். அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் ஆடி மாதக் கோயில் திருவிழாவான கொடைக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போயிருப்பார். தேதி ஆகஸ்ட் 11, போன மாத விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள். போர்ட்டலில் பதிவாகியிருப்பது அவருடைய சொந்த மொபைல் நம்பர்.

"தம்பி, ஓடிபி வந்திருக்கும், அதை மட்டும் சொல்லிடுப்பா."

"சார், கோயில்ல இருக்கேன், மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

அவர் ஓரமாக ஒதுங்கி வருவதற்குள் ஓடிபி காலாவதியாகியிருக்கும். மூன்றாவது முயற்சியில் தாக்கல் ஆனாலும் அவருடைய கொடை அத்தோடு போயிற்று. ஆகாமல் விட்டால் சேதம் ஆபீசுக்கு. 14-ஆம் தேதி உருவாகும் வாடிக்கையாளரின் கொள்முதல் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யில் உங்கள் பில் இருக்காது, உங்களுக்குக் கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வசதி அந்த மாதம் அவருக்குக் கிடைக்காது. 18 சதவீத வரியில் 5 லட்ச ரூபாய் பில் என்றால் 90,000 ரூபாயை அவர் நிறுத்தி வைப்பார். 20-ஆம் தேதிக்குரிய, வரி கட்டும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி-யும் தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

குற்றம் லீவு எடுத்தவர் மேல் விழும். உண்மையில் ஒரு ஆளின் சட்டைப்பையில் ஆபீசை வைத்தது முதலாளிதான்.

செய்ய வேண்டியது இது. முதலில் ஆபீஸ் பெயரில் ஒரு சிம் வாங்கி, ஜிஎஸ்டி, பிஎஃப், இஎஸ்ஐ, வங்கி எல்லாவற்றிலும் அந்த நம்பரைக் கொடுங்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் கையொப்பமிடும் உரிமையுள்ள இன்னொருவரைச் சேர்ப்பது நான்-கோர், அதாவது சாதாரண விவரத் திருத்தம்தான், அதிகாரி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். பென்டிரைவ் மாதிரி இருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் பின் நம்பரையும் டிராயரில் போட்டுவிட்டுப் போகிற பழக்கத்தை விடுங்கள், அது இன்னொருவர் கையெழுத்தை நீங்கள் போடுவதற்குச் சமம். வங்கியில் பணம் அனுப்பப் பதிபவரும் ஒப்புதல் தருபவரும் ஒரே வாரத்தில் லீவில் இருக்கக் கூடாது.

லீவுக்கு ஐந்து வேலைநாள் முன்பே ஒரு தாளில் மூன்று நெடுவரிசை: வேலை, கெடு தேதி, பார்ப்பவர். மூன்று நாள் முன்பு, பார்க்கப் போகிறவர் அந்த வேலையை ஒருமுறை தானே செய்ய வேண்டும். லீவு போகிறவர் பக்கத்தில் உட்காரலாம், மவுசைத் தொடக் கூடாது. சொல்லிக்கொடுத்தபோது விட்டுப்போன பாஸ்வேர்டும் ஃபோல்டரும் இந்த ஒத்திகையில்தான் வெளியே வரும். கடைசி மாலை ஆறு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு சொல்வது ஒப்படைப்பு ஆகாது. எந்த இரண்டு விஷயத்துக்கு மட்டும் போன் பண்ணலாம், ஆபீசிலிருந்து யார் பண்ணலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

ஜிஎஸ்டி பார்ப்பவருக்கு 21-ஆம் தேதிக்கு மேல் லீவு கொடுத்தால் பாதித் தலைவலி குறையும். சம்பளம் போடுவதும் அவரே என்றால் மாதக் கடைசியைத் தவிருங்கள்.

துண்டு துண்டாகக் கொடுப்பது

வெள்ளி ஒன்று, திங்கள் ஒன்று என்று கொடுத்தால் கணக்கு தீரும், களைப்பு தீராது. ஊருக்குப் போகிற அலைச்சலிலும் தூக்கத்திலும் முதல் இரண்டு நாள் கழிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஒரு வாரம் சேர்ந்தாற்போல் கிடைக்க வேண்டும். ஆபீசுக்கும் இதில் லாபம் உண்டு. முக்கியப் பொறுப்புகளில் இருக்கும் வங்கி ஊழியர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டியே சொல்லாமல், தொடர்ந்து குறைந்தது 10 வேலைநாள் லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காரும்போதுதான் மறைத்து வைத்தது தெரியவரும். மோசடியே இல்லாத ஆபீசிலும், மூன்று மாதமாக வசூலாகாத பில் ஒன்றாவது அப்படிக் கண்ணில் படும்.

பொங்கல் லீவை டிசம்பரில் முடிவு செய்வது

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான். ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்குத் திறக்கும், நெல்லை எக்ஸ்பிரஸ் நிமிடங்களில் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடும். நவம்பர் முதல் வாரத்தில் பட்டியல் ஒட்டாத ஆபீஸ், ஊழியரைக் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்காக இரவெல்லாம் நிற்க வைக்கிறது.

லீவை விற்கச் சொல்வது

வேலையில் இருக்கும்போது விற்றால் அந்தப் பணம் முழுக்க வரிக்கு உட்பட்ட சம்பளம்.

திரும்பிய அன்று காலை பத்து மணிக்கு மீட்டிங்

வேண்டாம். மெயில் பார்க்க மதியம் வரை விடுங்கள்.