லினக்ஸ் போடப் போகிறீர்களா? முதலில் அந்த டி டிரைவைப் பற்றிப் பேசலாம்

போன மாதம் ராத்திரி பத்தரை மணிக்கு மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு தம்பி போன் போட்டான். "அண்ணே, உபுண்டு சூப்பரா ஏறிருச்சு. டி டிரைவ மட்டும் காணோம், எங்க இருக்கும்?" உபுண்டு என்பது லினக்ஸில் ஒரு வகை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் லினக்ஸ் பக்கம் வருவது கூடியிருக்கிறது, சந்தோஷம்தான், ஆனால் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் பண்ணிய அதே கோளாறை அச்சு மாறாமல் பண்ணுகிறார்கள். லினக்ஸ் போட இறக்கும் ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே பென்டிரைவில் காப்பி பண்ணுவது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அதில் நேரம்தான் போகும்.

டி டிரைவ் தனி டிஸ்க் இல்லை

அசெம்பிள் பண்ணி வாங்கும்போதே கடையில் ஒரே ஹார்ட்டிஸ்கை சி, டி, இ என்று பிரித்துத் தந்துவிடுவார்கள். "போட்டோவெல்லாம் டி-ல போட்டுக்கங்க, விண்டோஸ் போனாலும் அது போகாது" என்று அறிவுரையும் கிடைக்கும். விண்டோஸை விண்டோஸாலேயே திரும்பப் போடும்வரை அது சரி, சி மட்டும்தான் ஃபார்மட் ஆகும். உபுண்டுவின் இன்ஸ்டாலருக்கு சி, டி என்ற பேச்சே கிடையாது. எஸ்டிஏ என்று ஒரு முழு டிஸ்க், அதற்குள் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று பாகங்கள், அவ்வளவுதான். 'எரேஸ் டிஸ்க்' என்று அது கேட்கும்போது நாம் சி போகப்போகிறது என்று நினைத்துத் தலையாட்டுகிறோம். அதுவோ பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தையே கிழித்துப் போட்டுவிட்டு மொத்த இடத்தையும் தன் பேருக்கு எழுதிக்கொள்கிறது.

நான் இழந்தது அப்பத்தாவின் கடைசி இரண்டு வருஷப் படங்கள். எல்லாம் டி-யில் இருந்தன, கன்டினியூ, கன்டினியூ என்று அழுத்திக்கொண்டே போனேன். அப்புறம் போட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஆயிரக்கணக்கில் படங்கள் வந்தன, ஒன்றுக்கும் பழைய பெயர் இல்லை, எஃப் என்ற எழுத்தும் பின்னால் ஒரு நீளமான எண்ணும்தான். பிரவுசர் எப்போதோ சேமித்து வைத்த விளம்பரப் படங்களும் அதற்குள் கலந்து கிடந்தன. அப்பத்தா இரண்டில் கிடைத்தார். ஒன்றில் நெற்றிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அந்த அளவாவது கிடைத்தது, ஏனென்றால் என்னுடையது பழைய ஹார்ட்டிஸ்க். வில்லாபுரத்துத் தம்பியுடையது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க். ஃபார்மட் ஆகும்போதே 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று எஸ்எஸ்டிக்குத் தகவல் போய்விடும், அதற்கு மேல் தோண்டிப் பெரிதாக ஒன்றும் வராது. இதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

ஆகவே வெளி ஹார்ட்டிஸ்கில் காப்பி எடுங்கள், அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலு படத்தைத் திறந்து பாருங்கள், இன்ஸ்டால் தொடங்கும் முன் அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். கழற்றாமல் விட்டு அந்த டிஸ்கையே அழித்த ஆளும் உண்டு. விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிந்த டிஸ்க் உபுண்டு இன்ஸ்டாலரில் 1 டிபி என்று தெரியும், இரண்டும் ஒன்றுதான். அப்படியும் கை தவறிவிட்டால் உடனே மெஷினை அணைத்துவிடுங்கள். "ஏறிருச்சே, ஒரு படம் பார்க்கலாம்" என்று ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீர்கள்.

பிட்லாக்கர்

டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி இது. பூட்டைத் திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். பேப்பரில் எழுதுங்கள், அதே லேப்டாப்பில் சேமிக்காதீர்கள்.

கரண்ட்

விண்டோஸையும் வைத்துக்கொள்ள அதன் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கில் அதற்குரிய பாகத்தை, சுருக்குகிறீர்கள் என்றால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் ஏரியாவில் என்றைக்கு என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பாதியில் கரண்ட் போனால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் போகலாம். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம், அதன் பேட்டரி பத்து நிமிஷம் தாங்குமா என்பதையும் முதலிலேயே சோதியுங்கள்.

வாரம் ஒரு டிஸ்ட்ரோ (உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸ் வகை) மாற்றுவது

வேண்டாம்.

வைஃபை வரவில்லை என்றால்

உடனே யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் வாங்க ஓடாதீர்கள். போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தரும் டெதரிங்கைப் போடுங்கள், பெரும்பாலும் நெட் வந்துவிடும், அதை வைத்து வைஃபையை இயக்கும் டிரைவர் நிரலை இறக்கிக்கொள்ளலாம்.

விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு வருவது. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று படிக்கும். வித்தியாசம் சரியாக 5.30 மணி. உள்ளூர் நேரத்திலேயே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது. தெரியாமல் என் மாமா ஒருவர் திருநகரிலிருந்து வெயிலில் பஸ் பிடித்து டவுன் ஹால் ரோடு வரை வந்து மதர்போர்டுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டார். மறுநாளும் அதே ஐந்தரை. டூப்ளிகேட் பேட்டரி கொடுத்துவிட்டான் என்று கடையில் போய்ச் சண்டையும் போட்டுவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்.