வாங்கிய பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை வீணாக்காமல் சுத்தம் செய்வது எப்படி?

யாரோ பல வருடம் வாசித்த கிட்டார் கைக்கு வந்ததும், பாலிஷ் போட்டுப் பளபளவென்று தேய்க்கத்தான் முதலில் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். துடைக்கப் போய்க் கெடுத்த கிட்டார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று என்னுடையது.

துணியை எடுப்பதற்கு முன் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகிக் கேளுங்கள். ஒவ்வொரு குமிழையும் திருப்புங்கள், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) சுவிட்சை எல்லா நிலைக்கும் தள்ளுங்கள். எங்கே கரகரக்கிறது, எங்கே சத்தம் விட்டுவிட்டு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜை (உடல்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது உதவும்.

கம்பிகளைக் கழற்றுவது

10-46 கம்பி செட் (மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடித்தது 0.046) ஒன்று கழுத்தை மொத்தமாகச் சுமார் 45 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் முறுக்கு இருக்கும்போதே வெட்டாதீர்கள். ட்யூனரை (கம்பியை முறுக்கும் திருகு) திருப்பித் தொளதொளவென்று ஆனபிறகு நடுவில் வெட்டுங்கள்.

லெஸ் பால் வகைக் கிட்டாரில் பிரிட்ஜையும் டெயில்பீஸையும் (கம்பியின் முனையை மாட்டும் பாகம்) பெரும்பாலும் கம்பியின் இழுப்புதான் பிடித்து வைத்திருக்கும். இது தெரியாமல் கிட்டாரைச் சாய்த்தேன். டெயில்பீஸ் நழுவி விழுந்து முன்பக்கத்தில் ஒரு பள்ளம். இன்றும் இருக்கிறது. கம்பி போனதும் இரண்டையும் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

மிதக்கும் ட்ரெமலோ (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை மாற்றும் பிரிட்ஜ்) என்றால், பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் பிளாக்குக்கும் (பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் உலோகக் கட்டை) மரத்துக்கும் நடுவே அட்டையை மடித்துச் செருகுங்கள். இல்லாவிட்டால் பிரிட்ஜ் பின்னால் சாய்ந்துவிடும்.

ஃபிரெட்போர்டு: அழுக்கு குடியிருக்கும் இடம்

முதலில் கழுத்தின் மேல் விரல் வைக்கும் இந்தப் பலகையின் மரத்தைப் பாருங்கள். கருமையாக, துளைத்துளையாக இருந்தால் ரோஸ்வுட் மாதிரி பூச்சில்லாத மரம். வெளிர் மஞ்சளில் பளபளத்தால் வார்னிஷ் போட்ட மேப்பிள். அதற்கு ஈரத்துணி போதும், எண்ணெய் வேண்டாம்.

பூச்சில்லாத மரத்தில், ஒவ்வொரு ஃபிரெட்டின் (குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஓரத்திலும் பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பை வைத்து மெல்லச் சுரண்டுங்கள். கண் மை மாதிரி கருப்பாக ஒன்று சுருண்டு வரும்: வியர்வை, தோல், தூசி எல்லாம் சேர்ந்தது. என் கிட்டாரில் முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள்ளேயே ஒரு சிட்டிகை தேறியது. முந்தைய ஆள் எந்தக் கார்டுகளை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அதிகம் வாசித்தார் என்றுகூடச் சொல்லிவிடலாம்!

ஃபிரெட் மங்கிப் பச்சை பூத்திருந்தால் 0000 நம்பர் ஸ்டீல் வூலால் தேயுங்கள். ஆனால் பிக்கப் உள்ளே இருப்பது காந்தம். உதிரும் இரும்புத் துகள் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. அதனால் பிக்கப்களை மாஸ்கிங் டேப்பால் முழுக்க மூடிய பிறகுதான் ஸ்டீல் வூலைத் தொட வேண்டும். ஃபிரெட்டுகளுக்கு இடையில் தெரியும் மரத்தின் மேலும் டேப் ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, ஃபிரெட்போர்டு எண்ணெய் சில துளி. ஐந்து நிமிடம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். கிட்டார் கடையின் லெமன் ஆயிலுக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழியக் கூடாது, அது அமிலம். சமையல் எண்ணெயும் வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடிக்கும்.

உடல்

பெரும்பாலான கிட்டார்களில் இருப்பது பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சு. கெட்டியானது, அவ்வளவு சீக்கிரம் கெடாது. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அப்படியில்லை, மஞ்சளாகும், நூல் மாதிரி வெடிப்பு விடும், ஸ்டாண்டின் ரப்பர் பட்டாலே இளகிக் கறை பிடிக்கும். எது என்று தெரியாவிட்டால் நைட்ரோ என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

முதலில் வாயால் ஊதிப் பனிபோல் படியவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். பாதி அழுக்கு இதிலேயே போய்விடும். போகாததற்கு நன்றாகப் பிழிந்த ஈரத்துணி. ஸ்டிக்கர் பசைக்கு மட்டும் துணியில் ஒரு துளி லைட்டர் ஃப்ளூயிட். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஆல்கஹாலும் தின்னரும் நைட்ரோவைக் கரைத்துவிடும். மேட் பூச்சுக்குப் பாலிஷே போடாதீர்கள், தேய்த்த இடம் மட்டும் திட்டுத்திட்டாக மின்னும்.

பிரிட்ஜுக்கு உலர்ந்த பல்துலக்கும் பிரஷ். தங்க முலாம் என்றால் மெல்லிய துணி மட்டும்.

கரகரப்பு

குமிழுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ (pot, குமிழ் திருப்பும் மின்பாகம்) என்பதன் கார்பன் தடத்தில் தூசி படிவதால்தான் பெரும்பாலும் அந்தச் சத்தம். ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, பாட்டின் கால்களுக்கு மேலே தெரியும் சின்ன இடைவெளியில் கான்டாக்ட் கிளீனரை லேசாக அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முப்பது தடவை திருப்புங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே இதற்கு ஆகாது. ஜாக் (கேபிள் செருகும் துளை) ஆடினால் வெளி நட்டை மட்டும் திருகாமல் ஜாக்கையும் உள்ளிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். அது சேர்ந்து சுற்றினால் ஒயர் அறுந்துவிடும்.

அப்புறம் புதுக் கம்பி. ட்யூனரில் இரண்டு மூன்று சுற்று போதும். சுருதி சேர்த்து, கம்பியை லேசாக இழுத்துவிட்டு, மறுபடி சேருங்கள். சுருதி நிலைக்கும்வரை இதையே செய்ய வேண்டியதுதான். பிறகு ஆறாம் கம்பியை (எல்லாவற்றிலும் தடித்தது) முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து எட்டாம் ஃபிரெட் பக்கம் பாருங்கள். சுமார் 0.25 மில்லிமீட்டர், அதாவது விசிட்டிங் கார்டு தடிமனுக்கு, கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் சரி. இல்லையென்றால் ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகத் தண்டு) ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். இறுக்கமாக இருந்தால் பலம் காட்ட வேண்டாம், தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

இனி வாசித்து முடிக்கும்போதெல்லாம் உலர்ந்த துணியால் கம்பியை மேலும் கீழும் சேர்த்துத் துடையுங்கள். துணியைக் கிட்டார் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். தேட வேண்டியிருந்தால் துடைக்க மாட்டீர்கள்.