சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் கீழ: சென்டாரஸ் ஏ கேலக்ஸியை தேடிப் புடிக்கிறது எப்படி

அழகர் ஆத்துல இறங்குற ராத்திரி மதுரையில பாதி சனம் முழிச்சுதான் கெடக்கும், ஆனா அன்னைக்கு டெலஸ்கோப்பை தூக்கிட்டு கிளம்பிராதீங்க, பௌர்ணமி வெளிச்சத்துல மங்கல் கேலக்ஸி எதுவும் தேறாது. 2 வாரம் பொறுத்தா அமாவாசை, அதுக்கு முன்னாடி பின்னாடி நாலஞ்சு நாள்தான் நமக்கு.

தேடப்போறது சென்டாரஸ் ஏ, கேட்டலாக் நம்பர் என்ஜிசி 5128. பிரகாசம் 6.8 மேக்னிட்யூட் (இந்த அளவுல நம்பர் கூடக்கூட மங்கல்), வெறும் கண்ணுக்கு சிக்காது. லண்டன்காரன் ஊர்ல இது அடிவானத்துக்கு மேல வரவே வராது, நமக்கு தெக்கால 37 டிகிரி உசரத்துக்கு வந்து நிக்குது, ஓசியில கிடைச்ச சான்ஸ்.

முதல்ல இடம். நான் பண்ண கூத்தை சொல்லிர்றேன். முதல் தடவை அழகர்கோயில் பக்கம் நல்லா இருட்டா இருக்குமேன்னு 6 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப்பை கார்ல ஏத்திட்டு போயி இறக்கி வச்சா, தெக்க திரும்பிப் பாத்தா மொத்த மதுரை லைட்டும் அங்கிட்டுதான் ஏறி நிக்குது, ராத்திரி 2 மணி வரைக்கும் துழாவிட்டு டீயை குடிச்சிட்டு வந்து சேந்தேன். தெக்க பாக்கணும்னா ஊருக்கு தெக்க போகணும், அவ்வளவுதான் கணக்கு. திருமங்கலம் தாண்டி டி.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் போனா ஊரு வெளிச்சம் முதுகுக்குப் பின்னால போயிரும். தென்னந்தோப்பு வேணாம், மரம் மறைக்கும், காஞ்ச கண்மாய்க் கரை பெஸ்ட். ஊர்க்காரங்க யாருகிட்டயாவது முன்னாடியே சொல்லிருங்க, நடுராத்திரி குழாயை வச்சிட்டு நின்னா புதையல் எடுக்க வந்தவன்னு நினைப்பாங்க. செருப்பு வேணாம், ஷூ போடுங்க, பாம்பு இருக்கும்.

நேரம்: ஏப்ரல் 12 வாக்குல ராத்திரி 12¼க்கு நேர் தெக்க உச்சத்துல நிக்கும், மே 12 வாக்குல 10¼, ஜூன் 12 வாக்குல 8¼. அதுக்கு ஒரு மணி நேரம் முன்ன பின்ன பாத்தாலும் தப்பில்ல. ஜூன்ல மேகத்தோட மல்லுக்கட்டணும், நான் ஏப்ரல்லயே முடிச்சிருவேன்.

இப்ப தேடுற வேலை. சப்தரிஷி மண்டலத்தோட வால் வளைவை அப்படியே நீட்டிட்டு வாங்க, மஞ்சளா சுவாதி வரும், இன்னும் நீட்டினா நீலம் கலந்த வெள்ளையா சித்திரை. நம்ம சித்திரை மாசத்துக்கு பேரு குடுத்த நட்சத்திரம்தான், இங்கிலீஷ்ல ஸ்பைகா. ஆச்சரியம் என்னன்னா சித்திரையும் சென்டாரஸ் ஏயும் வானத்துல கிட்டத்தட்ட ஒரே வடக்கு-தெற்கு கோட்டுல இருக்கு. அதனால சித்திரை உச்சத்துல நிக்கிறப்ப அதுல இருந்து தூக்குகுண்டு விட்ட மாதிரி நேர் கீழ வரணும், கையை நீட்டி முஷ்டியை மடக்கினா 10 டிகிரி, மூணு முஷ்டிக்கு கொஞ்சம் கூட.

அந்த எடத்துல கோலப்புள்ளி மாதிரி ஒரு சதுரம் இருக்கு, பக்கத்துக்கு சுமாரா 5 டிகிரி, நீட்டின கையில மூணு விரல் அகலம். கீழ வலது புள்ளி பஞ்சு மாதிரி இருக்கும், அது ஒமேகா சென்டாரிங்கிற நட்சத்திரக் கொத்து, நல்ல இருட்டுல வெறும் கண்ணுக்கே தெரியும். கீழ இடது பிரகாசமான ஸீட்டா சென்டாரி. மேல இடது மியூ, நியூன்னு ஒரு ஜோடி. மேல வலது மூலையில மட்டும் ஒண்ணும் இருக்காது. ஆளு அங்கதான் ஒளிஞ்சிருக்கு. 10x50 பைனாகுலர் இருந்தா ஒமேகாவை வட்டத்தோட அடியில வச்சுக்கங்க, மேல் ஓரத்துல அழிஞ்ச சாக்பீஸ் தடம் மாதிரி ஒண்ணு வரும், அதான்.

டெலஸ்கோப்ல முதல்ல 25 எம்எம் ஐபீஸ் (கண்ணு வச்சு பாக்குற லென்ஸ்), என்னோடதுல 48 மடங்கு. கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாகும், நடுவுல ஒரு வாட்ஸ்அப் பாத்தாலும் மறுபடி முதல்ல இருந்து. டார்ச்சுக்கு சிவப்பு கண்ணாடி பேப்பரை ரெண்டு மூணு மடிப்பா சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுருங்க. நேரா முறைச்சா மறைஞ்சிரும், ஓரக்கண்ணால பாருங்க, மங்கல் வெளிச்சத்தைப் புடிக்கிற உயிரணு விழித்திரையோட நட்டநடுவுல கிடையாது. இருக்கா இல்லையான்னு சந்தேகம்னா குழாயை லேசா தட்டுங்க, அசையிறப்ப சட்டுனு புலப்படும்.

மாட்டினப்புறம் 10 எம்எம் போடுங்க. சாம்பல் நிறத்துல உருண்டையா ஒரு இட்லி, அதை நூலால நடுவுல அறுத்து லேசா விலக்கி வச்சாப்ல ஒரு கருப்புக் கோடு. அந்தக் கோடுதான் தூசி, முன்ன இது முழுங்கின இன்னொரு கேலக்ஸியோட மிச்சம். தூரம் கிட்டத்தட்ட 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு. ஜேம்ஸ் டன்லப் 1826ல ஆஸ்திரேலியாவுல பரமட்டாவுல இருந்து 9 இன்ச் டெலஸ்கோப்ல இதைக் கண்டுபுடிச்சாரு, நம்ம கையில இருக்கிற 6 இன்ச் அதைவிட சின்னதுதான். கோடு தெரியலைன்னா உடனே பேக் பண்ணாதீங்க, எனக்கு மூணாவது ராத்திரிதான் தெரிஞ்சது, அதுவும் பக்கத்து மோட்டார் ரூம் பல்பு கரண்ட் கட்ல அணைஞ்ச அந்தப் பத்து நிமிஷத்துல.