ஸ்டோன்வேர் சிற்பத்தை வீட்டில் எங்கே வைப்பது?

மட்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற ஸ்டோன்வேர் பட்டறையைத் தொடங்கினார்கள். ஸ்டோன்வேர் என்றால் மிக அதிகச் சூட்டில் வெந்து கல் போல இறுகிய களிமண். அங்கே கற்ற பலர் இன்று சொந்தச் சூளை வைத்திருக்கிறார்கள். அதனால் நம் பக்கத்தில் நல்ல ஸ்டோன்வேர் சிற்பம் கிடைப்பது கடினமில்லை. வாங்கி வந்தபின் அதை ஷோகேஸில் கோப்பைகளோடு அடைத்துவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது.

முதலில் வெளிச்சம். நேர் எதிரே விளக்கு இருந்தால் விரல் தடமும் சொரசொரப்பும் தெரியவே தெரியாது. ஜன்னல் ஒரு பக்கமாக வரும் இடத்தில் வையுங்கள். காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி தெரியும். பின்னால் வெறும் சுவர் போதும். பூப்போட்ட வால்பேப்பர் முன்னால் எந்தச் சிற்பமும் தோற்றுப்போகும்.

உயரத்தைச் சோஃபாவில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். எங்கள் ஹாலில் முழங்கால் உயரச் சிற்பம் ஒன்று பழைய தேக்கு முக்காலியில்தான் இருக்கிறது, கச்சிதம். சுவரில் அடித்த பலகையை மட்டும் நம்பாதீர்கள், கனம் தாங்காது. அடியில் ஃபெல்ட் துண்டு ஒட்டினால் டைல்ஸில் கீறல் விழாது.

பால்கனியிலும் வைக்கலாமா? வைக்கலாம். சுமார் 1,200 டிகிரிக்கு மேல் வெந்த மண் என்பதால் டெரகோட்டா போலத் தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் குழிவான பகுதியில் மழைநீர் தேங்கினால் பாசியும் கொசுவும் வரும், கவிழ்த்து வடித்துவிடுங்கள்.

அப்புறம், தூசிக்கு மென்மையான பிரஷ் போதும். பளபளப்புக்காக எண்ணெய் தடவ வேண்டாம், கண்ணாடி போன்ற மெருகு பூசாத இடத்தில் கறை தங்கிவிடும்.