ஏர் ஃப்ரையரில் பழ கிரிஸ்ப்: மேலே கருகி, கீழே வேகாமல் போவது ஏன்?

போன ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டையில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாக ஏர் ஃப்ரையர் வாங்கியிருக்கிறாள். ஆப்பிள் கிரிஸ்ப் செய்து வைக்கிறேன், வாங்க என்று கூப்பிட்டிருந்தாள். நான் போய் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதே அடுக்களையிலிருந்து கருகல் வாடை வந்துவிட்டது. கூடையை இழுத்துப் பார்த்தால் மேலே ஓட்ஸ் கரிக்கட்டை மாதிரி, ஸ்பூனால் அதை விலக்கினால் நடுவே ஈர மாவு, அடியில் நறுக்கிப் போட்டபடியே ஆப்பிள்.

"அண்ணி, நூத்தி எண்பதுலதான் வச்சேன். மெஷின்ல ஏதாவது கோளாறா?"

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. இதே கிண்ணத்தை 4 வருடத்துக்கு முன்னால் கடலூரில், மஞ்சக்குப்பத்து வீட்டில், என் கையாலேயே வெளியே எடுத்திருக்கிறேன். இப்போது சனிக்கிழமைகளில் வீட்டிலேயே சிலருக்கு இனிப்பு வகைகள் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் முறை இதே கிண்ணத்தைத்தான் எடுக்கிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சர்க்கரை கூடிவிட்டது, நேரம் பார்க்க மறந்துவிட்டேன் போன்றவற்றை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கிரிஸ்ப் என்பது அடியில் பழத்துண்டுகள், மேலே வெண்ணெய், மாவு, சர்க்கரை, ஓட்ஸ், பருப்பு கலந்த உதிரி. அந்த உதிரியைத்தான் டாப்பிங் என்கிறோம். பழம் குழைந்து பாகு கெட்டியாகி, மேல்பகுதி மொறுமொறுவென்று இருக்க வேண்டும். சூடாகச் சாப்பிடுவது.

பழத்தையும் டாப்பிங்கையும் ஒன்றாக உள்ளே வைப்பது

இந்த ஒரு தவறு இன்னும் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. காரணம், எங்கே பார்த்தாலும் செய்முறையே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: பழத்தைப் போடு, டாப்பிங்கைத் தூவு, 180 டிகிரியில் வை, எடு. ஓவன் செய்முறையை எடுத்து, சூட்டில் 20 டிகிரியும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கும் குறைத்து, ஏர் ஃப்ரையருக்கு என்று போட்டுவிடுகிறார்கள். கட்லெட்டுக்கும் சமோசாவுக்கும் அந்தக் கணக்கு சரி. அவற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் காற்று போகும். கிண்ணத்தில் வைக்கும் எதற்கும் அது பொருந்தாது.

ஓடிஜி என்கிற மின்சார ஓவனில் மேலேயும் கீழேயும் கம்பி சூடாகும். தட்டின் அடிப்பக்கத்துக்கும் சூடு கிடைக்கும். கூடை வைத்த ஏர் ஃப்ரையரில் சூடாகும் கம்பிச் சுருளான காயில் மேலே, அதற்கும் மேலே விசிறி. சூடான காற்று மேலிருந்து வேகமாக அடித்து, கூடையின் ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்கிச் சுற்றி வர வேண்டும். நாம் ஒரு கிண்ணத்தைக் கொண்டுபோய் அந்த ஓட்டைகள் மேல் வைக்கிறோம். அப்புறம் கீழே காற்றுக்கு என்ன வழி? காயிலுக்கு மிக அருகில் இருக்கும் டாப்பிங் 10 நிமிடத்தில் சிவந்துவிடும். அதற்குள் அடியில் இருக்கும் ஆப்பிள் வெதுவெதுப்பாகக்கூட ஆகியிருக்காது.

இதோடு முடிவதில்லை. பழம் மெல்லச் சூடாகி ஆவி விடும்போது, அது மேலே போக முடியாமல் டாப்பிங்கின் அடிப்பக்கத்தில் தங்கும். மேல் ஓடு கருகும், அதன் அடி களியாகும். நாத்தனாரின் கிண்ணத்தில் இருந்த மூன்று அடுக்கும் இப்படி வந்ததுதான்.

என் கதையைச் சொல்கிறேன். மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின நாள், வீட்டுக்கு வந்திருந்த 20 பேருக்கு ராத்திரி பலாப்பழ கிரிஸ்ப் என்று நானே முடிவு செய்துவிட்டேன். பண்ருட்டி போய்ச் சாலையோரத்தில் தட்டிப் பார்த்து ஒரு பழம் வாங்கி வந்தோம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நானும் ஓரகத்தியும் உட்கார்ந்து சுளை எடுக்க இரண்டு மணி நேரம். பண்ருட்டி முந்திரி அரைக் கிலோ, வெண்ணெய் அரைக் கிலோ. முதல் கிண்ணம் 180 டிகிரியில் கருகியது. இரண்டாவது கிண்ணத்துக்குச் சூட்டை 150 ஆக்கினேன். டாப்பிங் பொன்னிறமாக, பார்க்கப் படம் பிடிக்கலாம் போல இருந்தது. ஸ்பூனை விட்டால் அடியில் பால் மாதிரி வெள்ளையாகத் தண்ணீர், வாயில் வைத்தால் பச்சை மாவு வாடை. கெட்டியாவதற்குப் போட்ட சோளமாவு வேகவே இல்லை. சோளமாவு முழுதாகக் கெட்டிப்பட அதைச் சுற்றியுள்ள சாறு 95 டிகிரியை ஒட்டிப் போக வேண்டும். அதாவது கொதிக்க வேண்டும். என் கிண்ணத்தில் எதுவுமே கொதிக்கவில்லை. மூன்றாவது கிண்ணத்துக்கு நேரத்தைக் கூட்டினேன், மறுபடியும் கரி. ஒரு முழுப் பழத்தில் பாதிச் சுளை, முந்திரி, வெண்ணெய் எல்லாம் குப்பைக்குப் போயின.

வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமியார்தான் சொன்னார்: "பாயசத்துக்குச் சுளைய மொதல்ல நெய்யில வதக்கிட்டுத்தானே வெல்லத்தப் போடுறோம். இதுக்கு மட்டும் ஏன் பச்சையா வக்கிற?"

அவ்வளவுதான் விஷயம். பழம் வேக ஒரு நேரம், டாப்பிங் மொறுமொறுப்பாக ஒரு நேரம். இரண்டையும் ஒன்றாக முடுக்கிவிட்டால் சூட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்று கெடும்.

இப்போது நான் செய்வது: 6 அங்குலக் கிண்ணத்துக்கு 400 கிராம் பழம், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 2 தேக்கரண்டி சோளமாவு. பிசறி, ஃபாயிலால் மூடி, 170 டிகிரியில் வைக்கிறேன். ஃபாயிலைக் கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே இறுக்கி மடிக்க வேண்டும். தளர்ந்திருந்தால் விசிறிக் காற்றில் கிளம்பிப் போய்க் காயிலில் ஒட்டும். அரை அங்குலத் துண்டு ஆப்பிளுக்கு 12 நிமிடம், பலாவுக்கு 8. நடுவில் ஒரு முறை திறந்து அடியோடு கிளறுகிறேன்.

நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். திறந்து ஓரத்தைப் பாருங்கள். சின்னச் சின்னக் குமிழி வேகமாக வந்து உடைந்தால் அது இன்னும் தண்ணீர். கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது ஒரு குமிழி மெதுவாக உப்பி, தயங்கி, 'பொளக்' என்று உடையுமே, அப்படி வந்தால் பாகு தயார். ஆப்பிளில் ஈர்க்குச்சியைக் குத்தினால் முக்கால்வாசி தடையில்லாமல் இறங்க வேண்டும். அதன் பிறகுதான் டாப்பிங்கைத் தூவி, சூட்டை 160க்குக் குறைத்து, 8 முதல் 10 நிமிடம். அவசரமென்றால் பழத்தை அடுப்பில் சட்டியில் வதக்கிக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். ருசியில் குறை வராது.

கோடை ராத்திரிகளில் இன்னொன்றும் சேரும். எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது வோல்ட்டேஜ் இறங்கிவிடும். 230 இருக்க வேண்டியது 190க்கு வந்தால் காயில் தரும் சூடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். பட்டனில் 170 என்று காட்டினாலும் அந்தச் சூட்டுக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். குமிழியைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவும்தான்.

வெண்ணெயை உருக்கி ஊற்றுவது

நம் ஊர் வெயிலில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் 10 நிமிடத்தில் குழைந்துவிடும். குழைந்ததுதானே என்று உருக்கியே ஊற்றிவிடுகிறார்கள். உருகிய வெண்ணெயில் மாவு களியாகும், வெந்ததும் ஒரே தகடாக இறுகும். வெண்ணெயை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கேரட் துருவும் துருவியில் துருவி, விரல் நுனியால் மட்டும் மாவில் பிசறுங்கள். உள்ளங்கை படக்கூடாது, அங்கே சூடு அதிகம்.

பதம் புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அங்கங்கே சுண்டைக்காய் அளவுக் கட்டிகள் இருக்கட்டும், அவைதான் மொறுமொறுப்பு. என் அளவு: ஓட்ஸ் 50 கிராம், மைதாவோ கோதுமை மாவோ 40, சர்க்கரை 40, வெண்ணெய் 45, முந்திரி 30. நெய்யில் செய்வதானால் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயில் தண்ணீரும் உண்டு, நெய்யில் கிட்டத்தட்ட இல்லை. கடையில் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெய் பெரும்பாலும் உப்புப் போட்டது. அதற்கு மேல் உப்பு வேண்டாம்.

நாட்டுச் சர்க்கரை போட்டால் ருசி கூடும், ஆனால் வெள்ளைச் சர்க்கரையைவிடச் சீக்கிரம் கறுக்கும். ஆறாவது நிமிடமே எட்டிப் பாருங்கள்.

கஞ்சி ஓட்ஸ்

இரண்டு நிமிடத்தில் வேகும் பொடி ஓட்ஸ் கஞ்சிக்கு மட்டும். தட்டை தட்டையாக முழுசாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் நான் பாதிக்குப் பாதி கெட்டி அவல் சேர்க்கிறேன். மிக்சியில் ஒரே ஒரு சுற்று ஓட்டி உடைத்தால் போதும். சொல்லப்போனால் பலாவுக்கு ஓட்ஸைவிட அவல்தான் எனக்குப் பிடிக்கும். மெல்லிசு அவல் கூடாது. வெண்ணெய் பிடிக்காமல் உதிர்ந்து கிடக்கும், விசிறி போட்டவுடன் பறக்கும். எந்த டாப்பிங்கையும் தூவிய பிறகு விரலால் மெல்ல ஒரு தட்டு தட்டிவிடுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு: திறந்து வைத்த ஓட்ஸ் பாக்கெட் ஒரு வாரத்தில் நமுத்துவிடும். வெறும் வாணலியில் 3 நிமிடம் புரட்டி, நன்றாக ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எல்லாப் பழத்துக்கும் ஒரே கணக்கு

அன்னாசியும் மாம்பழமும் சாறு விட்டுக்கொண்டே இருக்கும். சர்க்கரை பிசறி 15 நிமிடம் வைத்து, இறங்கிய சாற்றை வடித்து, அடுப்பில் பாதியாகச் சுண்டவைத்துத் திரும்ப ஊற்றுங்கள். ஊற்றிவிடாதீர்கள் கீழே, மணமெல்லாம் அதில்தான். மாம்பழம் என்றால் அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்கும் பழம். சாப்பிடும் பதத்தில் இருப்பதைப் போட்டால் ஜாம் ஆகிவிடும்.

பலாவில் புளிப்பே கிடையாது. எலுமிச்சை இல்லாமல் செய்தால் இரண்டாவது ஸ்பூனில் திகட்டும். அதற்கு மட்டும் சர்க்கரையைப் பாதியாக்கி, சாற்றை இரண்டு தேக்கரண்டியாக்குங்கள். கடித்தால் மொறுக்கென்று இருக்கும் வருக்கைச் சுளை வேண்டும். கொழகொழச் சுளை இதற்கு ஆகாது.

வறுத்த முந்திரி

வேண்டாம். பச்சை முந்திரி, அதுவும் உடைத்த முந்திரி போதும். முழுப் பருப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பாத்திரம்

அலுமினியம் புளிப்போடு சேர்ந்து உலோக வாடை அடிக்கும். எவர்சில்வர் அல்லது ஓவனில் வைக்கத்தக்க கண்ணாடி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிக் கிண்ணத்தை நேரே சூட்டுக்குள் வைத்தால் விரிசல் விடும். கிண்ணத்துக்கும் கூடைக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

1500 வாட் மெஷின், பல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் தாங்கும் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுவரில் இருக்கும் பவர் பிளக்கில் மட்டும் போடுங்கள்.

சுடச்சுட மூடி வைப்பது

விருந்தாளி வர நேரமாகிறது என்று தட்டைப் போட்டு மூடுவார்கள். 5 நிமிடத்தில் தட்டில் முத்து முத்தாக நீர் கோத்து டாப்பிங் மேல் சொட்டும். திறந்தே வையுங்கள். எடுத்தவுடன் பரிமாறவும் கூடாது. 10 நிமிடம் ஆறினால்தான் பாகு நின்று கெட்டியாகும், நாக்கும் சுடாது.

மிச்சம் இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகு 150 டிகிரியில் 5 நிமிடம். மைக்ரோவேவில் சூடாக்கினால் டாப்பிங் துவண்டுபோகும்.

அன்றைக்கு நாத்தனார் வீட்டில் கரியை வழித்து எடுத்துவிட்டு, அதே ஆப்பிளை ஃபாயில் போட்டு மறுபடி உள்ளே வைத்தோம். பன்னிரண்டாவது நிமிடம் அவளே திறந்து, குனிந்து, ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணி, இப்ப கூழ் மாதிரி கொதிக்குது" என்றாள். டாப்பிங்கைக் கையில் எடுத்துக்கொடுத்தேன்.