பாக்டீரியா சாகவில்லையே என்று சேர்மத்தைத் தூக்கி எறியாதீர்கள்

சால்மோனெல்லா போல நம் செல்லுக்குள் புகுந்து வாழும் பாக்டீரியாவைக் கொல்லாமல், அதன் நோயுண்டாக்கும் திறனை மட்டும் முடக்கப் பார்க்கிறவர்கள்கூட முதலில் எம்ஐசி (பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு) அளந்துவிட்டு, வளர்ச்சி குறையவில்லை என்று சேர்மத்தை ஓரங்கட்டிவிடுகிறார்கள். குறையக் கூடாது என்பதுதானே இங்கே எதிர்பார்ப்பு! குறைந்தால் அது வழக்கமான ஆன்டிபயாடிக் வேலையாக இருக்கலாம்.

சால்மோனெல்லாவிடம் நம் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்தும் நுண் ஊசிகள் இரண்டு வகை. எஸ்பிஐ-1 குடல் செல்லுக்குள் நுழைய, எஸ்பிஐ-2 நுழைந்தபின் தன்னைச் சுற்றியுள்ள பைக்குள் பிழைத்துப் பெருக. முதல் ஊசியைத் தடுக்கும் சேர்மத்தை பாக்டீரியா உள்ளே போன பிறகு ஊற்றிவிட்டு, பலன் இல்லை என்று சொன்னால் எப்படி? மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லை வைத்து நுழைவைச் சோதிப்பதும் இதே கதைதான், அது பாக்டீரியாவைத் தானே விழுங்கிவிடும். எஸ்பிஐ-2 வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் பாக்டீரியா வளர்க்கும் சாதாரண எல்பி ஊடகம் உதவாது. அமிலத்தன்மையும் குறைந்த மக்னீசியமும் குறைந்த பாஸ்பேட்டும் உள்ள ஊடகம் வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கில். அது செல்லுக்குள் எளிதில் போகாது என்பதால் வெளியே தங்கிய பாக்டீரியாவை மட்டும் கொல்லும், அப்புறம் செல்லை உடைத்துத் தட்டில் பரப்பி, உள்ளே இருந்தவற்றை எண்ணலாம். வழக்கமாக முதல் 1 மணி நேரம் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், பிறகு 10 என்று குறைப்பார்கள். 100-லேயே இரவு முழுக்க விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயும் போய்ச் சேரும். இதைவிட மோசம், உங்கள் சேர்மமே செல் சவ்வை ஓட்டையாக்குவது. ஓட்டை வழியாக ஜென்டாமைசின் புகுந்து பாக்டீரியாவைக் கொல்ல, தட்டில் காலனிகள் குறைய, நீங்கள் புது மருந்து கிடைத்துவிட்டது என்று குதிப்பீர்கள். செல்லிலிருந்து எல்டிஹெச் நொதி கசிகிறதா என்று பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இப்படிப்பட்ட சேர்மத்துக்கு பாக்டீரியாவிடம் எதிர்ப்பு வரவே வராது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். உடலுக்குள் பெருக எஸ்பிஐ-2 தேவை, ஆகவே தடையை மீறும் பாக்டீரியாவுக்கு அங்கே ஆதாயம் உண்டு. எதிர்ப்பை வளர்க்கும் அழுத்தம் குறையலாம், இல்லாமல் போகாது.

கடைசியாக ஒரு கன்ட்ரோல், அதாவது ஒப்பீட்டுச் சோதனை, இதை ஏனோ பலர் விட்டுவிடுகிறார்கள். எஸ்எஸ்ஏவி மரபணு நீக்கிய சால்மோனெல்லாவில் எஸ்பிஐ-2 ஊசி வேலை செய்யாது. அதன் எண்ணிக்கையையும் உங்கள் சேர்மம் நன்றாகக் குறைத்தால், அது அடிப்பது ஊசியை மட்டுமல்ல, வேறு எதையோ.