ஜீப் ஷாக்குக்கு போல்ட் வாங்கப் போறீங்களா? முதலில் வெர்னியரை எடுங்க

எந்த ஷாக் அப்சார்பர் வாங்கலாம் என்று மாசக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட, அதை வண்டியில் பிடித்திருக்கப் போகும் போல்ட்டுக்கு "நல்லதா நாலு குடுங்கண்ணா" என்று சொல்லி வாங்கி வந்துவிடுகிறார்கள். அப்புறம் இட்டேரியில், அதாவது காட்டு வண்டிப்பாதையில், ஏறி இறங்கும்போதெல்லாம் அடியில் 'டக் டக்'. ஷாக் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் மவுண்டை, அதாவது ஷாக்கை வண்டியோடு பிடித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். ஆட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஜாக்கி எங்கே கொடுப்பது, சக்கரத்துக்கு எப்படிக் கட்டை வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு முனையிலும் கண் (போல்ட் நுழையும் வளையம்) உள்ள ஷாக், பிராக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு (ஓட்டை போட்ட பக்கத் தகடுகளுக்கு) நடுவே உட்காரும் மவுண்ட்: இதைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம்.

1. ஸ்லீவை அள

கண்ணுக்குள் ரப்பர் புஷ், அதற்குள் ஓர் இரும்புக் குழாய். அதுதான் ஸ்லீவ். போல்ட்டின் வேலை ஸ்லீவுக்குள் சும்மா படுத்திருப்பது இல்லை. இரண்டு காதுகளையும் இழுத்து, ஸ்லீவை நடுவில் நசுக்கிப் பிடிக்க வேண்டும். சரியாக முறுக்கிய 8.8 கிரேடு (பலத்தைச் சொல்லும் எண்) எம்12 போல்ட் (12 மில்லி தடிமன்) ஏறக்குறைய மூன்றரை டன் விசையில் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் ஸ்லீவ் நகராது, ரப்பர் மட்டும் முறுகிக் கொடுக்கும். பிடி தளர்ந்தால் ஸ்லீவ் போல்ட்டின் மேல் உருண்டு, போல்ட்டையும் தின்னும், காதின் ஓட்டையையும் முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

அதனால் மூன்று அளவு வேண்டும்: ஸ்லீவின் உள்விட்டம், ஸ்லீவின் நீளம், காதுகளுக்கு இடையே உள்ள இடைவெளி. டேப் வேண்டாம், நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர்தான். டிஜிட்டலை விட சாதா வெர்னியரே எனக்குப் பிடிக்கும். பட்டறைத் தூசியில் பேட்டரி செத்து நிற்காது.

2. அரை இஞ்சா, 12 மில்லியா?

என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். வெளியிலிருந்து வரும் ஷாக்குகளில் சில 12 மில்லி ஸ்லீவோடும், சில அரை இஞ்ச் ஸ்லீவோடும் வரும். அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லி. எம்12 போல்ட் அதற்குள் அழகாக நுழையும், கையில் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் 0.7 மில்லி ஆட்டம் உள்ளே காத்திருக்கும். பழைய ஜீப்பில் கதை உல்டா. மரையே (போல்ட்டின் திருகுப் பள்ளம்) இஞ்ச் கணக்கில் இருக்கும், அதிலும் நெருக்கமான மரைக்கு யுஎன்எஃப் ஒன்று, அகலமான மரைக்கு யுஎன்சி ஒன்று. அரை இஞ்சில் யுஎன்எஃப்புக்கு இஞ்சுக்கு 20 மரை, யுஎன்சிக்கு 13. இரண்டையும் கலந்து ஸ்பேனரால் வலித்தால் நட்டும் போச்சு, போல்ட்டும் போச்சு.

ஸ்லீவ் 12.7 என்றால் அரை இஞ்ச் போல்ட்டே போடுங்கள், காதின் ஓட்டையையும் அதற்கேற்ப ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் கருவி) விட்டுத் திறந்துகொள்ளுங்கள். அது முடியாதென்றால் கோவையில் கணபதி பக்கம் ஏதாவது ஒரு லேத்தில் புது ஸ்லீவே கடைந்துகொள்ளலாம், கோயமுத்தூர்க்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. தகரத்தைச் சுருட்டி உள்ளே சொருகும் வேலை மட்டும் வேண்டாமுங்க.

காது இடைவெளி ஸ்லீவை விட ஒன்றிரண்டு மில்லி அதிகமாக இருப்பதும் சகஜம். முறுக்கினால் காது வளைந்து கொடுக்கும். டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து சொல்லும் ஸ்பேனர்) 'கிளிக்' சொல்லும், ஆனால் அந்த விசை காதை வளைப்பதிலேயே செலவாகியிருக்கும். ஸ்லீவின் பக்கவாட்டில் சரியான கனத்துக்கு வாசர் கொடுத்து இடைவெளியை அடைத்துவிட்டு முறுக்குங்கள்.

3. நீளம்

மரை இல்லாத வழுவழுப்பான தண்டு, ஸ்லீவைத் தாண்டி இரண்டாவது காதுக்குள் நுழைய வேண்டும். வெட்டு விசை விழும் இடத்தில் மரை இருக்கக் கூடாது. எம்12 தண்டின் குறுக்குப் பரப்பு 113 சதுர மில்லி, மரையின் அடியில் அது சுமார் 76. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. போதாக்குறைக்கு, விரிசல் பிறக்க ஒவ்வொரு மரையும் ஓர் இடம்.

கணக்கு இப்படி. காது 6 மில்லி, ஸ்லீவ் 38, மறுகாது 6, இரு பக்கமும் வாசர் இரண்டரை. மொத்தம் 55. தலையிலிருந்து எண்ணினால் இரண்டாவது காது 46.5-இல் தொடங்குகிறது. டின் 931 (ஜெர்மன் தர எண்) வகை எம்12 போல்ட்டில் மரை நீளம் 30 மில்லி. எம்12×75 வாங்கினால் தண்டு 45 மில்லிதான், மரை ஸ்லீவுக்குள்ளேயே தொடங்கிவிடும். எம்12×80 என்றால் தண்டு 50, கச்சிதம். இன்னும் நீளமாக 90 வாங்கினால் தண்டு 60. நட்டு மரை முடியும் இடத்தில் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு இறுகியது போலத் தெரியும், ஸ்லீவ் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்.

கடையில் 'ஹாஃப் திரட்' என்று கேளுங்கள். டின் 933 என்பது முழு மரை, அது இந்த வேலைக்கு ஆகாது.

4. கிரேடு

இரண்டு காது மவுண்டுக்கு 8.8 போதும். தலையில் எண்ணும், தயாரித்தவர் குறியும் இல்லாத போல்ட்டைத் தொடாதீர்கள். எனக்கு டிவிஎஸ், இல்லையென்றால் அன்பிராக்கோ. 12.9 கேட்டு அலைகிறவர்கள் உண்டு. கடினம் ஏற ஏற அடியைத் தாங்கி வளைந்து கொடுக்கும் குணம் குறைகிறது. அதற்கு மேல் துத்தநாக முலாம் வேறு ஏற்றினால் ஹைட்ரஜன் புகுந்து சொல்லாமல் முறியும் ஆபத்தும் உண்டு. துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் போடுகிறவர்களுக்கு: சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 பலத்தில் 8.8-ஐ விடக் கீழே. நட்டும் அதே உலோகமென்றால் முறுக்கும்போதே மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

ஒரே பக்கம் மட்டும் ஊன்றி நிற்கும் ஸ்டட் என்றால் அங்கே 10.9 போடுங்கள். ஆனால் அதைவிட நல்ல வழி, 6 மில்லி பிளேட்டில் வெளிப்பக்கம் இன்னொரு காது வெல்டிங் செய்துவிடுவது. ஒற்றை ஸ்டட்டில் ஸ்பேசர் கொடுத்து ஷாக்கை வெளியே தள்ளுவதுதான் இருப்பதிலேயே மோசம். தூரம் இரண்டு மடங்கானால் ஸ்டட்டை வளைக்கும் விசையும் இரண்டு மடங்கு. வெல்டிங்குக்கு முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். போல்ட் தலையை பிராக்கெட்டோடு வைத்து வெல்டிங் அடிக்கவே கூடாது, சூட்டில் அதன் பதம் போய்விடும்.

5. நட்டும் முறுக்கும்

நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகக் கழலாத நட்), ஒரு தடவை மட்டும். ஸ்பிரிங் வாசரை நம்பாதீர்கள். பக்கவாட்டு அதிர்வில் போல்ட் எப்படிக் கழல்கிறது என்று 1969-இல் யுங்கர் என்ற ஜெர்மானியர் சோதித்துக் காட்டினார். அந்த வகைச் சோதனையில் ஸ்பிரிங் வாசர் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. 8.8 எம்12-க்கு 80 முதல் 90 நியூட்டன் மீட்டர் பொது அளவு, வண்டிக் கையேட்டில் வேறு இருந்தால் அதுதான் சரி. செம்மண் சேற்றில் ஓடும் வண்டியென்றால் ஸ்லீவுக்குள் வரும் தண்டில் லேசாகக் கிரீஸ் தடவுங்கள். மரையில் படக் கூடாது, பட்டால் டார்க் கணக்கு மாறும்.

ரப்பர் புஷ் என்றால் கடைசி முறுக்கு வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது. ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினால் வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கிரீஸ் வறண்டால் கீச்சிடும்.

பின்னர் சேர்த்தது: மேல்முனையில் கண்ணுக்குப் பதில் நேர்த்தண்டு உள்ள ஷாக் பற்றித் தாராபுரம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே மேலே சொன்ன டார்க் எதுவும் செல்லாது. ரப்பர் பிதுங்கி, கிண்ண வாசரின் விளிம்பளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள், மேலே இன்னொரு நட்டுப் போட்டுப் பூட்டுங்கள். தண்டு கூடவே சுற்றினால் அதன் நுனியில் உள்ள தட்டைப் பகுதியில் ஸ்பேனர் வையுங்கள். பளபளக்கும் பிஸ்டன் ராடைக் கட்டிங் பிளேயரால் பிடித்தால், அந்தக் கீறலே சீலைக் கிழித்து எண்ணெயை வெளியே விட்டுவிடும்.